ராபர்ட் ரெய்க்ஸும் மூன்று லட்சம் வாத்தியார்களும்

லண்டனில் தேம்ஸ் நதிக்கரையோரம், விக்டோரியா எம்பாங்க்மென்ட் தோட்டத்தில் ராபர்ட் ரெய்க்ஸுக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கு. 1880-ல் தாமஸ் பிராக் என்ற சிற்பி செய்தது. சண்டே ஸ்கூலுக்கு நூறு வயசு ஆனதைக் கொண்டாட வைத்தார்கள். காசு கொடுத்தது ராஜாவும் இல்லை, பிரபுவும் இல்லை. சண்டே ஸ்கூல் ஆசிரியர்களும் பிள்ளைகளும் சேர்த்த பணம். இந்த விஷயம்தான் என்னை யோசிக்க வைத்தது.

கதையைக் கொஞ்சம் பின்னாடியிருந்து பார்ப்போம். ரெய்க்ஸ் குளோஸ்டர் நகரத்துப் பத்திரிகைக்காரர். சிறைச்சாலைகளுக்குப் போய் வந்த அனுபவத்தில், படிப்பில்லாததுதான் குற்றத்துக்கு வேர் என்று நம்பினார். அந்த ஊர்ப் பிள்ளைகள் வாரம் ஆறு நாளும் குண்டூசிப் பட்டறை மாதிரி இடங்களில் வேலை பார்த்தார்கள். ஞாயிறு ஒன்றுதான் லீவு. அன்றைக்குத் தெருவில் ஒரே ரகளை. 1780-ல் ரெய்க்ஸும் தாமஸ் ஸ்டாக் என்ற பாதிரியாரும் அந்த ஞாயிற்றுக்கிழமையையே பள்ளிக்கூடமாக்கினார்கள். 1783-ல் தன் பத்திரிகையிலேயே ரெய்க்ஸ் இதைப் பற்றி எழுத, நாடு முழுக்கப் பரவிவிட்டது.

இங்கே ஒரு சுவாரசியம் இருக்கு. அந்த முதல் ஆசிரியர்கள் தொண்டர்கள் இல்லை, சம்பளக்காரர்கள்! ஞாயிற்றுக்கு ஒரு ஷில்லிங். பள்ளிகள் பெருகப் பெருகச் சம்பளம் கட்டுப்படியாகவில்லை. அப்புறம் தான் சபை மக்களே 'நாங்க சும்மாவே சொல்லித் தர்றோம்' என்று வந்தார்கள். மெதடிஸ்டுகள் இதில் முன்னோடிகள். 1800-க்குப் பிறகு இதுவே வழக்கமாகிவிட்டது. அதே பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த பையன்களும் பெண்களும் பலர் வளர்ந்து ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள்.

1851-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த கணக்கெடுப்பைப் பாருங்கள். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் சுமார் 24 லட்சம். ஆசிரியர்கள் 3 லட்சத்துக்கும் மேல், அதில் மிகப் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள். அதாவது சுமார் எட்டுப் பிள்ளைக்கு ஒரு வாத்தியார். அரசாங்கம் ஊர் ஊராகப் பள்ளிகள் அமைக்கச் சட்டம் போட்டது 1870-ல். அதுவரை எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கிடைத்தது இவர்கள் புண்ணியத்தில்தான்.

இவர்களுக்கு யார் நன்றி சொன்னது? ரெய்க்ஸ் நல்ல மனுஷர்தான். 1811-ல் இறந்தபோது, தன் அடக்கத்துக்கு வரும் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஷில்லிங்கும் பிளம் கேக்கும் கொடுக்கச் சொல்லியிருந்தார். ரெய்க்ஸுக்கு முன்னாலேயே, 1769-ல், ஹை விக்கம் ஊரில் ஹன்னா பால் என்ற பெண்மணி இப்படி ஒரு பள்ளி நடத்தியிருக்கிறார். அவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? கடைசியில் 1880-ல், நன்றிக்கு உரிய ஆசிரியர்களே காசு போட்டு, ஆரம்பித்து வைத்தவருக்குச் சிலை வைத்தார்கள்.

ஆரம்பிப்பது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆரம்பித்தது நூறு வருஷம் ஓடியது யாரால்? சாஃப்ட்வேரில் ஒரு புரோகிராமை எழுதியவரை எல்லாருக்கும் தெரியும், அதைப் பத்து வருஷம் பராமரித்தவரைத் தேடினாலும் கிடைக்காது. அதே கதைதான் இங்கேயும்.

மான்செஸ்டரில் 1801-லிருந்து ஒரு வழக்கம் உண்டு. பெந்தெகொஸ்தே பண்டிகை சமயத்தில் சண்டே ஸ்கூல் பிள்ளைகள் ஊர்வலமாக நடப்பார்கள். ஆசிரியர்களும் கூடவே. ஊரே தெருவோரம் நின்று பார்க்கும். எனக்கு சிலையைவிட இந்த ஊர்வலம்தான் பிடித்திருக்கு. இதில் யாரும் உயரமான பீடத்தில் இல்லை. பிள்ளையின் பக்கத்தில் நடப்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

நம்ம ஊர் சபைகளிலும் மின்விசிறி வாங்கிக் கொடுத்தவர் பெயர் இறக்கையிலேயே எழுதியிருக்கும். இருபது வருஷமாக வேதாகமக் கதை சொல்லித் தந்த அக்காவின் பெயர் எங்கே எழுதியிருக்கு? பொன்னாடைகூட வேண்டாம். வருஷத்துக்கு ஒருமுறை ஆராதனையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'இவங்கதான் உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றாங்க' என்று சபைக்குக் காட்டினால் போதும். செலவே இல்லாத காரியம்.