பிறப்பா, குணமா? கதைமாந்தரின் இனம் குறித்து ஒரு பாலக்காட்டுக் குறிப்பு

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், ஆடுபவர் தமக்கென ஒரு கதைமாந்தரைப் படைத்துக்கொள்ள வேண்டும். அதன் தொடக்கப் படிகளுள் ஒன்று இனத் தேர்வு. மனிதர், குள்ளர், எல்ஃப், ஹாபிட் ஆகியோருள் ஒருவராகப் பிறக்கலாம். அப்பிறப்பே எதிர்காலத்தையும் வரையறுத்தது. குள்ளர் போர்வீரராக மட்டுமே இயலும். அதிலும் ஆறாம் படிக்கு மேல் உயர இயலாது. மனிதருக்கு அத்தகைய எல்லை இல்லை. 1977-இல் வெளியான அதன் 'மான்ஸ்டர் மேனுவல்' இந்திய அரக்கரையும் புலித்தலையுடன் சேர்த்துக்கொண்டு, அவ்வினம் முழுவதற்கும் தீய இயல்பை விதித்தது. அந்த வகைப்பாட்டில் வீடணனுக்கு இடமில்லை.

இதே வினாவைப் பாரதப்புழைக் கரையின் இரு கலைகள் வெவ்வேறாக எதிர்கொண்டன.

முதலாவது, பாலக்காட்டு வெள்ளிநேழி வட்டாரத்தில் செழித்த கல்லுவழி மரபைப் பெற்ற கதகளி. அதில் வேடம் இனத்தால் அமைவதில்லை. அரக்கனான இராவணனும் மனிதர்களான துரியோதனனும் கீசகனும் ஒரே 'கத்தி' வேடத்தினர். வீரமும் பெருமிதமும் செருக்கும் கலந்த குணமே அவர்களை ஒன்றாக்குகிறது. வானரனாகிய வாலிக்கும் மனிதனாகிய துச்சாதனனுக்கும் சிவப்புத் தாடி. அனுமனுக்கோ வெள்ளைத் தாடி. இராமனும் நளனும் அர்ச்சுனனும் பச்சை. ஓரினத்தார் பல வேடங்களிலும், பல இனத்தார் ஒரே வேடத்திலும் வருகின்றனர்.

எனினும் இதனைச் சமத்துவம் என்று கொண்டாடுவது அவசரமாகும். காட்டு வேடனுக்குக் கறுப்புத் தாடியும், சூர்ப்பணகை போன்ற அரக்கியருக்குக் கரி வேடமும் விதிக்கப்பட்டன. அட்டப்பாடியில் இருளரும் முதுகரும், இடுக்கி மலைகளில் முதுவரும் மன்னான்களும் வாழும் நிலத்தில், காட்டுவாசியின் நிறம் அரங்கில் இவ்வாறு வரையறுக்கப்பட்டமை வெறும் அழகியல் முடிவன்று. குணத்தின் பெயரால் வெளியேற்றப்பட்ட பிறப்பு, நிறத்தின் வழியே திரும்பி நுழைகிறது.

இரண்டாவது, பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழும் தோல்பாவைக்கூத்து. நீண்ட வெண்திரைக்குப் பின்னே 21 விளக்குகளின் ஒளியில் புலவர்கள் கம்பராமாயணப் பாடல்களைத் தமிழிலேயே பாடி உரை கூறுகின்றனர். தாருகனோடு போரிட்டமையால் இராம இராவணப் போரைக் காணத் தவறிய காளிக்காகவே இக்கூத்து நிகழ்கிறது என்பது மரபுக்கதை. இங்கே பாவையின் உருவம் மாறாதது. தோலில் வெட்டப்பட்ட அரக்கன் இறுதிவரை அரக்கனே. ஆனால் அவனது உறவு மாறக்கூடியது. வீடணன் அடைக்கலப் படலத்தில் கம்பனின் இராமன், வேடனாகிய குகனை ஐந்தாமவனாகவும் வானரனாகிய சுக்கிரீவனை ஆறாமவனாகவும் எண்ணி, அரக்கனாகிய வீடணனை ஏழாமவனாகத் தன் உடன்பிறப்பு வரிசையில் சேர்க்கிறான். மூவரும் தத்தம் இனத்தைத் துறக்கவில்லை. அது உறவுக்குத் தடையாகவும் இல்லை. கதகளி கறுப்பில் நிறுத்திய வேடன், இங்கே தம்பியாகிறான்.

கதைக்குள் திறந்த இவ்வாயில், கலைஞர் வாழ்வில் எளிதில் திறக்கவில்லை. புலவர் குடும்பங்களின் ஆண்களே பாவைகளை இயக்கி வந்தனர்; பெண்கள் குழுவாகத் திரைக்குப் பின் வந்தது மிக அண்மையில்தான்.

அமெரிக்க ஆட்டமும் மாறியது. 2020-இல் பிறப்புவழித் திறன் ஏற்றங்களை ஆடுபவர் விருப்பப்படி மாற்றிக்கொள்ள வழி செய்யப்பட்டது. 2024 விதிநூல் 'இனம்' என்ற சொல்லையே கைவிட்டு, உயிரியல் வகையைக் குறிக்கும் சொல்லை ஏற்றது. சொல் மாற்றம் தேவையானதே, போதுமானதன்று. ஒரு புனைவுலகம் பிறப்பை எவ்வாறு பெயரிடுகிறது என்பதைவிட, பிறப்பைக் கடந்து யாரை யாருக்கு உறவாக்க அது இசைகிறது என்பதே வரலாற்று மாணவர் கேட்க வேண்டிய வினா.