எக்டன் ஊர்க் கொல்லர் வம்சம்

சென்ற இதழில் வாஷிங்டன் குடும்பத்தாரின் பூர்வீகத்தை, இங்கிலாந்தின் நார்த்தாம்ப்டன்ஷயரிலுள்ள சல்கிரேவ் மாளிகையில் தொடங்கி வர்ஜினியாவின் புகையிலைப் பண்ணைகள் வரையில் பின்தொடர்ந்து பார்த்தோம். உள்நாட்டுப் போர்க் காலத்தில் பியூரிட்டன் மார்க்கத்தாரின் கை ஓங்கியபோது, 1643-ஆம் ஆண்டில், பர்லீ ஊர்த் தேவாலயத்தின் குருவாயிருந்த லாரன்ஸ் வாஷிங்டன் பதவியினின்றும் நீக்கப்பட்டதையும், அவருடைய குமாரர் ஜான் பின்னர் கடல் கடந்ததையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் குடும்பமும் அதே நார்த்தாம்ப்டன்ஷயரைச் சேர்ந்ததுதான். எக்டன் என்னும் சிற்றூர் அதன் பிறப்பிடம். ஆனால் இவர்கள் மாளிகைவாசிகள் அல்லர். உலைக்களத்தில் இரும்படித்து ஜீவித்தவர்கள். வாஷிங்டன் குடும்பம் பியூரிட்டன்களால் நலிந்து குடிபெயர்ந்தது; இந்தக் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையோ பியூரிட்டன்களோடு சேர்ந்து வழிபட்ட காரணத்தால் பிறந்த மண்ணைத் துறந்தார். பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற பேரறிஞர் தோன்றிய வம்சம் இது.

பிரபுக்களின் வம்சாவளியைத் தேடுகிறவருக்கு நில சாசனங்களும், விருதுப் பட்டயங்களும், சலவைக்கல் சமாதிகளும் துணைக்கு வரும். ஒரு கிராமத்துக் கொல்லனின் பாட்டனார் யார் என்று அறிய விரும்புகிறவர் எங்கே போவார்? இங்கிலாந்தில் அதற்கு ஒரு வழி ஏற்பட்டது 1538-ஆம் ஆண்டில். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சரான தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு பதிவேடு வைத்து, அந்த எல்லைக்குள் நிகழும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் வாரந்தோறும் எழுதிவர வேண்டும் என்று குருமாருக்கு ஆணை பிறப்பித்தார். இது ஏதோ புதிய வரி விதிப்பதற்கான சூழ்ச்சி என்று அந்நாளில் ஜனங்கள் ஐயுற்றனர். பல ஊர்களில் ஆணை உடனே நிறைவேறவுமில்லை. எனினும் பிரபுவென்றும் கூலியென்றும் பாராமல் பிறந்தவர் பெயரையும் இறந்தவர் பெயரையும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதவைத்த அந்த ஏற்பாட்டினால்தான், சாமானியரின் குடும்பங்களுக்கும் சரித்திரம் என்று ஒன்று கிடைத்தது. எக்டன் தேவாலயத்து ஏடு 1555-ஆம் ஆண்டு முதல் இருந்தது. பிராங்க்ளின் பிற்காலத்தில் தம் முன்னோரைத் தேடிச் சென்றபோது அந்த ஆண்டு வரையில்தான் அவரால் திண்ணமாகப் பின்னோக்கிச் செல்ல முடிந்தது. அதற்கு முன்னும் அவர்கள் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள் என்பது குடும்பத்தில் வழங்கிய செவிவழிச் செய்தி.

அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஏறத்தாழ 30 ஏக்கர் நிலமும் ஒரு பட்டறையும் இருந்தன. மூத்த மகன் கொல்லுத் தொழில் பயின்று பட்டறையையும் நிலத்தையும் பெறுவான். இளையவர்கள் வேறு தொழில் தேடி வெளியே போவார்கள். இதுவே அவர்களுடைய குல ஆசாரம். ஏட்டைப் புரட்டிய பிராங்க்ளின், தாம் ஐந்து தலைமுறையாகக் கடைசி மகனுக்குக் கடைசி மகனாகப் பிறந்தவர் என்பதைக் கண்டார். அவருடைய குடும்பம் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்ததற்கு மத நிர்ப்பந்தத்தை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது என்பது என் கருத்து. நிலம் மூத்தவனையே சேரும் என்ற வழக்கம், எக்டனிலிருந்து பான்பரிக்கும் லண்டனுக்கும் இளையவர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. கையில் காணி இல்லாதவனுக்கு ஊரை விட்டுப் புறப்படுவது மனத்துக்குப் பெரும் பாரமாயிருந்திருக்கலாம், ஆனால் புதுமையாயிராது.

மத விஷயத்தில் இந்தக் குடும்பத்தின் உறுதி மிகப் பழமையானது. கத்தோலிக்க மதத்தை மீண்டும் நிலைநாட்ட முயன்ற மேரி ராணியின் காலத்தில், பிராங்க்ளினுடைய முப்பாட்டனாருக்குத் தந்தையானவர் தம்மிடமிருந்த ஆங்கில விவிலியப் புத்தகத்தை, ஒரு சிறு மரப்பீடத்தின் அடிப்பக்கத்தில், விரித்த நிலையில் நாடாக்களால் கட்டி மறைத்து வைத்திருந்தாராம். குடும்பத்தாருக்கு வாசித்துக் காட்டும் வேளையில் பீடத்தைத் தலைகீழாகத் திருப்பி முழங்கால்மீது வைத்துக்கொண்டு, நாடாக்களுக்கு அடியில் ஏடுகளைத் தள்ளித் தள்ளி வாசிப்பார். குழந்தைகளுள் ஒன்று வாசலில் காவல் நிற்கும். சபை நீதிமன்றச் சேவகன் வருவது தெரிந்தால் குரல் கொடுக்கும். உடனே பீடம் நேராக நின்றுவிடும். இந்தக் கதையைத் தம் சிறிய தகப்பனாரும் பெயரில் தமக்கு மூலவருமான பெஞ்சமினிடமிருந்து கேட்டதாகப் பிராங்க்ளின் எழுதுகிறார்.

1598-இல் பிறந்த பாட்டனார் தாமஸ் பிராங்க்ளினுக்கு வளர்ந்து ஆளான புதல்வர் நால்வர்: தாமஸ், ஜான், பெஞ்சமின், ஜொசையா. மூத்தவர் எக்டனிலேயே தங்கினார். ஜான், ஆக்ஸ்ஃபோர்டுஷயரைச் சேர்ந்த பான்பரியில் கம்பளித் துணிகளுக்குச் சாயம் தோய்க்கும் தொழிலில் அமர்ந்தார். பெஞ்சமின் லண்டனில் பட்டுச் சாயம் பயின்றார். கடைசிப் பிள்ளையான ஜொசையா, அண்ணன் ஜானிடமே சீடனாகச் சேர்ந்தார். முதுமையில் உழைக்க இயலாமற்போன பாட்டனாரும் பான்பரிக்கே வந்து, அங்கேயே காலமானார். அரசாங்கத் திருச்சபையின் வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கிய 1662-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் கீழ்ப்படிய மறுத்து, ஏறத்தாழ 2,000 குருமார் தங்கள் தேவாலயங்களை இழந்திருந்தனர். அத்தகையோர் நடத்திய இரகசியக் கூட்டங்களுக்குப் போவது தண்டனைக்குரிய குற்றம். அண்ணன்மார் இருவர் அரசாங்கத் திருச்சபையிலேயே இருந்துவிட, பெஞ்சமினும் ஜொசையாவும் அக்கூட்டங்களில் மனம் பற்றினர். நண்பர்கள் சிலர் நியூ இங்கிலாந்துக்குப் புறப்படவே, ஜொசையாவும் மனைவி ஆனையும் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார்.

அவர் புறப்பட்ட ஆண்டு எது? வம்ச சரித்திரம் எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. பிராங்க்ளின் தம் சுயசரிதையில் 1682 வாக்கில் என்கிறார். ஊரிலேயே தங்கிவிட்ட உறவினர் ஒருவரின் நினைவு 1685 வாக்கில் என்றது. இன்றைய ஆராய்ச்சியாளர்கள் 1683 என்று கொள்கின்றனர். நேரில் கண்டவரும் சொந்த மகனுமே ஆண்டில் பிசகுகிறார்கள் என்றால், கேள்வியை மட்டும் நம்பிக் கட்டிய வம்சாவளிகளை நாம் எவ்வளவு எச்சரிக்கையோடு கையாள வேண்டும்!

பாஸ்டன் நகரத்தில் சாயத் தொழிலுக்குப் போதிய கிராக்கி இல்லை. ஆகவே ஜொசையா மிருகக் கொழுப்பை உருக்கி மெழுகுவத்தி வார்க்கவும் சவுக்காரம் காய்ச்சவும் தலைப்பட்டார். முதல் மனைவிக்கு அங்கே மேலும் நான்கு குழந்தைகள் பிறந்தன; அவள் இறந்தபின் மணந்த அபையா ஃபோல்ஜரிடம் பத்து; ஆக மொத்தம் 17. அவர்களில் 13 பேர் ஒரே சமயத்தில் தந்தையோடு உணவுக்கு உட்கார்ந்திருந்ததைத் தாம் கண்டதாகப் பிராங்க்ளின் நினைவுகூர்கிறார். 1706-இல் பிறந்த அவரே புதல்வர்களில் கடையவர். அவருக்குப் பின் பிறந்தவர்கள் இரு சகோதரிகள். மனைவியையும் பெரும்பாலான பிள்ளைகளையும் பறிகொடுத்த சிறிய தகப்பனார் பெஞ்சமின் 1715-இல் பாஸ்டனுக்கு வந்து சேர்ந்து, இரண்டாண்டு கழித்து எக்டன் குடும்பத்தின் வரலாற்றைச் சுருக்கமாக எழுதிவைத்தார். தேவாலய ஏட்டில் பெயரும் தேதியும்தான் கிடைக்கும். அந்தப் பெயர்களுக்குக் குணமும் முகமும் கொடுத்தவர் இந்த முதியவரே. குடும்பத்துக்கு விருதுச் சின்னம் ஏதேனும் உண்டா என்று மகன் கேட்டதற்கு ஜொசையா 1739-இல் எழுதிய விடையோ வேறு விதமானது: தம்முடைய நிலைமையில் உள்ளவர்கள் இத்தகைய விஷயங்களில் அதிகம் சிந்தை செலுத்துவதற்கில்லை, கற்பனைக்குச் சற்றுக் கிளுகிளுப்பு உண்டாக்குவதோடு சரி என்ற கருத்தில் அது அமைந்தது. அந்த விடையிலுள்ள கண்ணியத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

பென்சில்வேனியா சட்டசபையின் பிரதிநிதியாக 1757-இல் லண்டனுக்கு வந்த பிராங்க்ளின், மறு வருஷம் கோடையில், குமாரர் வில்லியமோடு தம் பூர்வீகத்தைத் தேடிப் புறப்பட்டார். முதலில் வெல்லிங்பரோ. மூத்த பெரியப்பா தாமஸின் ஒரே மகளான மேரி ஃபிஷர் அங்கே கணவரோடு வாழ்ந்துவந்தார். தள்ளாத கிழவி, ஆயினும் அறிவு மங்கவில்லை. ஜொசையா மனைவி மக்களோடு நியூ இங்கிலாந்துக்குப் புறப்பட்டுப்போனது அவருக்கு நினைவிருந்தது. அப்போது அவர்களோடு போன எலிஸபெத் என்ற சிறுமியைவிடத் தாம் ஐந்து வயது மூத்தவர் என்றும் சொன்னார். சிறிய தகப்பனார் பெஞ்சமின் இறந்தபின் ஏறக்குறைய 30 ஆண்டுகள் இரு கிளைகளுக்கும் கடிதப் போக்குவரத்தே இல்லை. அறுந்த நூலை ஒரு பிற்பகல் உரையாடல் முடிந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அம்மூதாட்டியும் அவர் கணவரும் காலமாயினர். மூத்த கிளையின் நேர் சந்ததி அத்துடன் அற்றது. நிலத்தைப் பெற்ற கிளை வாடிற்று. நிலமின்றிக் கடல் கடந்த கிளை தழைத்தது.

எக்டனில் பழைய வீடு சிதைந்த கற்கட்டடமாய், பிராங்க்ளின் இல்லம் என்ற பெயர் மாறாமல் நின்றது. அதில் ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. ஊர்க் குருவின் மனைவியாரான திருமதி வாலி, பழங்கதைகளில் தேர்ந்த, பேச்சில் விருப்பமுள்ள அம்மையார், பெரியப்பா தாமஸின் பிரதாபங்களைச் சொல்லி விருந்தினரை மகிழ்வித்தார். கொல்லுப் பட்டறையில் தொடங்கிய அந்தத் தாமஸ், பத்திரங்கள் எழுதும் தொழிலில் வல்லவராகி, சுற்றுவட்டாரத்தின் சகல பொதுக் காரியங்களிலும் முன்னின்றார். ஊர்க் கோபுரத்துக்கு இசைமணிகள் வைக்கச் சந்தா திரட்டி முடித்தவர் அவரே. அந்த மணிகள் ஒலிப்பதைப் பிராங்க்ளின் தம் காதாலேயே கேட்டார். ஆற்று வெள்ளம் ஏறிப் புல்வெளிகளைக் கெடுத்துவந்ததைத் தடுக்க எளிய உபாயம் கண்டவரும் அவரே. உபாயம் இன்னதென்று எவருக்கும் முதலில் விளங்காவிட்டாலும், தாமஸ் பிராங்க்ளின் சொன்னால் நடக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. அவரை மந்திரவாதி என்றே சிலர் கருதினர். பட்டம் விட்டு இடி மேகத்தின் மின்சாரத்தைச் சோதித்தவரைப் பற்றியும் பிலடெல்பியாவில் சாமானிய ஜனங்கள் இப்படித்தானே வியந்திருப்பார்கள்! தாமஸ் இறந்தது பழைய கணக்குப்படி 1702 ஜனவரி 6. சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், பாஸ்டனில் பிராங்க்ளின் பிறந்தார். இருவருடைய குணங்களின் ஒற்றுமையையும் கேட்ட வில்லியம், பெரியவர் இறந்த அன்றே இவர் பிறந்திருந்தால் மறுபிறவி என்றே உலகம் சொல்லியிருக்கும் என்றாராம். பழைய கணக்கு என்று குறிப்பிடுவதற்குக் காரணமுண்டு: 1752 வரையில் இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25-இல், நாட்காட்டியும் நம்முடையதைவிடச் சில நாட்கள் பின்தங்கியிருந்தது, ஆகையால் அக்காலத்து ஏடுகளில் பிராங்க்ளின் பிறந்த தினம் 1705 ஜனவரி 6 என்றிருக்கும், நம் கணக்கில் அதுவே 1706 ஜனவரி 17.

பிறகு எல்லோரும் தேவாலயத்து மயானத்துக்குச் சென்றனர். கல்லறைக் கற்களில் பாசி அடர்ந்து எழுத்துக்கள் மறைந்திருந்தன. திருமதி வாலி ஒரு முரட்டுத் தூரிகையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொண்டுவரச் செய்தார், பீட்டர் கற்களைத் தேய்த்துக் கழுவினான், எழுத்துக்கள் புலப்பட்டன, வில்லியம் அவற்றைப் பிரதி செய்துகொண்டார். பிராங்க்ளின் தம் மனைவி டெபராவுக்கு அவ்வாண்டு செப்டம்பரில் எழுதிய கடிதத்தில் இவ்வளவும் இருக்கின்றன.

பீட்டர் என்பவன் பிராங்க்ளின் அமெரிக்காவிலிருந்து உடன் கொண்டுவந்த அடிமை. இந்த வம்ச யாத்திரையைப் பற்றி எழுதுவோர் பலர் இவ்விடத்தை ஒரு வாக்கியத்தில் கடந்துபோய்விடுகின்றனர். எனக்கு அவ்வாறு கடந்துபோக மனம் வரவில்லை. தன் எஜமானருடைய பெரிய தகப்பனாரின் பெயரை ஒளிபெறச் செய்த அந்த மனிதனுடைய பாட்டனார் யார், எந்த ஊரார், எந்தத் தொழில் செய்தவர்? குடியேற்ற நாடுகளில் அடிமைகளின் பெயர்கள் சொத்து ஜாபிதாக்களில், கால்நடைகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் விலை குறித்து எழுதப்பட்டன. தாய் தகப்பன் பெயர் எழுதுவார் அரிது. பிராங்க்ளின் நடத்திய பத்திரிகையிலேயே அடிமை விற்பனை விளம்பரங்கள் வெளிவந்தன. முதுமையில் அவர் மனம் மாறியது உண்மை. 1787-இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார், 1790 பிப்ரவரியில், தாம் இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, அக்கொடுமையை நீக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் காங்கிரஸுக்கு அனுப்பினார். ஆனால் எக்டன் மயானத்தில் ஒரு வம்சத்தின் பெயர்கள் மீட்கப்பட்ட அந்த வேளையில், பீட்டருடைய முன்னோருக்காகப் புரட்டிப் பார்க்க எந்தத் தேவாலயத்திலும் ஏடு இல்லை.

கற்களைப் பிரதி செய்த வில்லியமின் கதையும் துயரமானது. 1771-இல் டுவைஃபோர்டில் நண்பரான மதகுருவின் வீட்டில் தங்கியிருந்தபோது பிராங்க்ளின் தம் சுயசரிதையைத் தொடங்கினார். அது வில்லியமுக்கு எழுதும் கடிதமாகவே தொடங்குகிறது, அந்த எக்டன் பிரயாணத்தையே அவருக்கு நினைவூட்டுகிறது. ஐந்தாண்டு கழிவதற்குள் தந்தை சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பமிட்டார். நியூ ஜெர்ஸியின் கவர்னராயிருந்த மகன் மன்னருக்கு விசுவாசமாய் நின்று சிறைப்பட்டார். 1782-இல் வில்லியம் இங்கிலாந்துக்குப் போய், 1813-இல் அங்கேயே இறந்தார். ஜொசையா துறந்துவந்த தேசத்துக்கே அவருடைய பேரன் அகதியாகத் திரும்பினார் என்பது இந்த வம்ச வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் செய்தி.

ஜொசையா 1745-இலும் அபையா 1752-இலும் காலமாயினர். பாஸ்டனில் கிரானரி மயானத்தில் பெற்றோருக்குப் பிராங்க்ளின் நாட்டிய கல் சிதைந்துபோகவே, நகரவாசிகள் 1827-இல் அங்கே ஓர் உயர்ந்த கல்தூணை எழுப்பினர். அபையாவின் தந்தையான பீட்டர் ஃபோல்ஜர், நாரிச் நகரிலிருந்து வந்து நான்டக்கெட் தீவில் குடியேறி, பூர்வகுடிகளின் பாஷையைக் கற்று, மனச்சாட்சியின் சுதந்திரத்துக்காகச் செய்யுள் இயற்றியவர். அந்தத் தாய்வழிக் கிளையை அடுத்த இதழில் பார்ப்போம்.