ஒரு கோடா, இரண்டு கோடா? கொழும்பில் வாகனம் நிறுத்துமுன்

வன்னியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வைத்தியத்துக்கோ வெளிநாட்டு அலுவலுக்கோ வாகனத்தில் வருபவர்கள் வெள்ளவத்தையில் அல்லது கொட்டாஞ்சேனையில்தான் அதிகம் தங்குகிறார்கள். வந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது வீதியோரப் பலகைகளைப் பற்றி.

சிவப்பு விளிம்புள்ள நீல வட்டத்தில் ஒரேயொரு சாய்வுக் கோடு இருந்தால், வாகனத்தை அங்கே விட்டுவிட்டுப் போகக்கூடாது. ஆளை ஏற்றி இறக்க நிற்கலாம். இரண்டு கோடுகள் குறுக்காக வெட்டினால் அதற்கும் அனுமதியில்லை. சாரதி ஆசனத்திலேயே இருந்தாலும், சமிக்ஞை விளக்கு மின்னினாலும் சாட்டு எடுபடாது. காலி வீதியில் 'ஒரு நிமிசம்தானே' என்று கடைக்கு முன்னால் நிற்பவர்கள் மாட்டுவது இதில்தான். பலகையின் கீழே நேரம் எழுதியிருந்தால் தடை அந்த நேரத்துக்கு மட்டும். அந்த வரி சிங்களத்தில் மட்டும் இருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள். தமிழ் 1987இல் அரசகரும மொழியானது. பலகைகள் எல்லாவற்றுக்கும் அது இன்னும் எட்டவில்லை.

பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டச்சீட்டுத் தந்தால், 14 நாட்களுக்குள் கட்டவேண்டும். தவறினால் அடுத்த 14 நாட்களுக்கு இருமடங்கு, பிறகு நீதிமன்றம். பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்பது பிடித்த பொலிஸ் நிலையத்தில் என்பதால், ஊர் திரும்புமுன் கட்டிவிடுவதே புத்தி. கிளிநொச்சியிலிருந்து மறுபடி வருவதற்குத் தண்டத்தைவிடக் கூடச் செலவாகும்.

இன்னொன்று. 2019 ஏப்ரல் 22இல் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்துக்கு அருகே நின்ற வேனொன்றில் குண்டு வெடித்தது. நிறுத்திவிட்டுப் போகும் வாகனத்தில் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைக்குமாறு பொலிஸார் அப்போது கேட்டார்கள். கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய வீதிகளில் நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன். வழி மறித்தால் கூப்பிட்டுச் சொல்வார்கள்.