சங்கரன்கோவிலுக்கு ஏழு வருஷம் லேட்டா வந்த விளக்கு

போன மாசம் சென்னையிலிருந்து ஊருக்கு, அதாவது சங்கரன்கோவிலுக்கு, கார்ல போனேன். 2011 மாடல் பெட்ரோல் கார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, சென்னை ரெஜிஸ்ட்ரேஷன். ராஜபாளையம் தாண்டினதும் மீட்டர் போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பிச்சது. செக் எஞ்சின் லைட்.

வண்டியில எந்த மாற்றமும் தெரியலை. பிக்கப் அப்படியே இருக்கு, சத்தம் இல்ல, புகை இல்ல. வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா கேட்டார்: "வண்டி நல்லாத்தானல ஓடுது, பிறகென்ன?" அதே மாடல், அதே 2011 வண்டி அப்பாகிட்டயும் இருக்கு, திருநெல்வேலியில புதுசா வாங்கினது. "என் வண்டியில இத்தன வருஷத்துல அந்த லைட்டு ஒரு தடவகூட எரிஞ்சதில்ல" என்று பெருமை வேற. இந்தப் பெருமையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பிறகு வரும்.

வண்டி நல்லா ஓடும்போது விளக்கு ஏன் எரியணும்? நியாயமான கேள்வி. பதிலுக்கு நாம 1943-க்குப் போகணும்.

1943 ஜூலை, லாஸ் ஏஞ்சல்ஸ். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. ஊர்மேல் திடீரென்று புகைமூட்டம் இறங்கியது, கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. ஜப்பான்காரன் விஷவாயு போட்டுட்டான் என்று பயந்தவர்கள்கூட உண்டு. காரணத்தைக் கண்டுபிடித்தவர் அரி ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு வேதியியலாளர். கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்கு எந்தெந்த வேதிப்பொருள் காரணம் என்று ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர். அதே கருவிகளை ஊர்க் காற்றின் பக்கம் திருப்பினார். எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனாக மாறுகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். எதிரி வானத்திலிருந்து வரவில்லை, ஒவ்வொருத்தர் வீட்டு வாசலிலும் நின்றுகொண்டிருந்தான். கார் கம்பெனிகள் இதைச் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை. பின்னாளில் கலிஃபோர்னியா காற்று வள வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் இவர்தான்.

அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்து சைலன்சர் வழியில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. அது மூன்று விஷவாயுக்களையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஒரு நிபந்தனை உண்டு: எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, கிட்டத்தட்ட துல்லியமாக. சாதா கார்புரேட்டரால் அது ஆகாது. அதனால் புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்க ஒரு சென்சர், அதைப் படித்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கம்ப்யூட்டர். 70-களின் கடைசியில் எஞ்சினுக்குள் கம்ப்யூட்டர் நுழைந்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

இங்கதான் எனக்குப் பிடிச்ச சிக்கல். அந்த சென்சர் செத்துப்போனால் கார் நிற்காது. பெரும்பாலும் ஓட்டுறவருக்குத் தெரியவே தெரியாது. பாதிப்பு முழுக்க பின்னால் பைக்கில் வருபவருக்கும் ரோட்டோரம் பூ விற்கும் அம்மாவுக்கும்தான். அதனால் கலிஃபோர்னியா சொன்னது: வண்டியே தன்னைத் தானே சோதிச்சு, கோளாறு இருந்தா விளக்குப் போட்டுச் சொல்லணும். 1988 மாடல்களிலிருந்து அது அங்கே சட்டம். ஆனா அப்பவும் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் கனெக்டரின் இரண்டு முனைகளை ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்தால், விளக்கு மின்னி மின்னி கோட் எண்ணைச் சொல்லும். 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்க ஓபிடி-2 வந்தது: எல்லாருக்கும் ஒரே 16 முனை கனெக்டர், பொதுவான கோட் பட்டியல். சாஃப்ட்வேர்காரங்களுக்குச் சொன்னா, எல்லா கம்பெனியும் ஒரே ஏபிஐ-க்கு வந்த நாள்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். எம்.சி. மேத்தா என்ற வழக்கறிஞர் டெல்லி வாகனப் புகைக்கு எதிராக 1985-ல் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக ஓடியது. 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் ஈயமில்லாத பெட்ரோலும், புதுக் கார்களில் கன்வர்ட்டரும் வந்தன. ஈயம் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வந்தாக வேண்டும். அப்போதே ஒரு பழக்கம் தொடங்கிவிட்டது: நல்ல பெட்ரோலும் நல்ல வண்டியும் முதலில் பெருநகரத்துக்கு, மற்ற ஊருக்கெல்லாம் பிறகு. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களுக்கு பிஎஸ்-4 வந்தது, மற்ற ஊர்களுக்கு பிஎஸ்-3. பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி கட்டாயம், பிஎஸ்-3-க்கு இல்லை. நாடு முழுக்க பிஎஸ்-4 ஆனது 2017 ஏப்ரல் 1-ல்தான்.

ரிஃபைனரிகள் ஒரே நாளில் மாற முடியாது என்பது உண்மைதான். கந்தகத்தைக் குறைக்கப் பெரிய செலவு ஆகும். ஆனாலும் சென்னையில் மூச்சு விடுபவருக்கு 2010, சங்கரன்கோவிலில் மூச்சு விடுபவருக்கு 2017 என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2020-ல் புது வண்டிகளுக்கான பிஎஸ்-6 விதி மட்டும் ஊர் பார்க்காமல் ஒரே நாளில் எல்லாருக்கும் வந்தது.

மறுநாள் காலை என் வண்டியில ப்ளூடூத் ஸ்கேனரைச் சொருகினேன். பி0135. முன்பக்க ஆக்சிஜன் சென்சரின் ஹீட்டர் சர்க்யூட். அந்த சென்சர் வேலை செய்ய ஏறக்குறைய 300 டிகிரி சூடு வேணும். எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்காமல் அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் ஹீட்டர். அது இல்லைன்னா காலையில ஸ்டார்ட் பண்ணின பிறகு கொஞ்ச நேரம் கம்ப்யூட்டர் குத்துமதிப்பா பெட்ரோல் விடும். ஓட்டுறவருக்கு ஒண்ணும் தெரியாது, புகையில தெரியும்.

ஸ்கேனர் சொன்னதும் சென்சரை ஆர்டர் பண்ணப் போனேன். மெக்கானிக் அண்ணாச்சி தடுத்தார். "தம்பி, அது சர்க்யூட்டுன்னுதான சொல்லுது, சென்சர்னு சொல்லலையே." கோடிங்ல எரர் வந்த வரியிலேயே பிழை இருக்காதுன்னு ஜூனியர் பசங்களுக்குப் பாடம் எடுக்கிற ஆள் நான். வெட்கமா இருந்தது. மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்தார். சென்சர் பக்கம் சில ஓம் காட்டியது, அப்போ ஹீட்டர் நல்லாயிருக்கு. ஃபியூஸும் சரி. சாவி போட்டு, சென்சருக்கு வர்ற ஒயரைப் பார்த்தா 12 வோல்ட் வரலை. ஒயரைத் தடவிக்கிட்டே போனா எலி கடிச்ச இடம். சென்னை பார்க்கிங் எலி பாதி கடிச்சு வெச்சதை ரோட்டுக் குலுக்கல் முடிச்சிருக்கு. ஒயரை ஒட்டி, ஸ்லீவ் போட்டு, கோடை அழிச்சோம். விளக்கு திரும்ப எரியலை. (ஒரு விஷயம்: விளக்கு நிலையா எரிஞ்சா மெதுவா ஒர்க்‌ஷாப் போகலாம். விட்டு விட்டு மின்னினா மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே கெடுத்துடும். வண்டியை ஓரமா நிறுத்திடுங்க.)

ஆர்வத்துல அப்பா வண்டியிலயும் ஸ்கேனரைச் சொருகினேன். ஆப் ரொம்ப நேரம் சுத்திட்டு, கனெக்ட் ஆகலைன்னு சொல்லிடுச்சு. பிஎஸ்-3 வண்டி. பொதுப் பாஷை பேச வேண்டிய கட்டாயம் அதுக்கு இருந்ததில்ல. "அதுல ஜம்பர் ஒயர் போட்டு மின்னுறத எண்ணணும் தம்பி" என்றார் அண்ணாச்சி. அந்த ஜெனரல் மோட்டார்ஸ் பேப்பர் கிளிப் கதைதான்.

எண்ணுறதுக்காக அப்பா சாவியை ஆன் பண்ணினார். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி, சாவி ஆன்ல இருக்கும்போது அந்த மஞ்சள் விளக்கு எரிஞ்சே ஆகணும், பல்பு நல்லாயிருக்குன்னு காட்ட. ஆயில் விளக்கு எரிஞ்சது, பேட்டரி விளக்கு எரிஞ்சது. எஞ்சின் விளக்கு எரியலை.

அண்ணாச்சி மீட்டர் போர்டைக் கழற்றினார். விளக்குக்குப் பின்னாடி கறுப்பு இன்சுலேஷன் டேப், ரெண்டு சுத்து. யார் ஒட்டினது, எப்போன்னு தெரியாது. பல வருஷமா இருந்திருக்கணும், பசை காய்ஞ்சு பொடியா உதிர்ந்தது. டேப்பைப் பிரிச்சதும் விளக்கு எரிஞ்சது. ஸ்டார்ட் பண்ணின பிறகும் அணையலை.

அப்பா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டிருந்தார். பிறகு அண்ணாச்சியிடம், "சரி, அந்த ஒயரப் போடுங்க, என்ன சொல்லுதுன்னு எண்ணுவோம்" என்றார்.