மடங்கிய விரலும் மூன்று மருத்துவர்களும்

1811ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு மொத்த மது வணிகர் ஒருவர், தம்மிடம் வந்திறங்கிய பீப்பாய்களுள் ஒன்றைத் தூக்க முயன்றார். இடது உள்ளங்கையில் சடக்கென்று ஏதோ முறிந்தாற்போன்ற உணர்வும் சிறு வலியும் எழுந்தன. வலி விரைவில் மறைந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல மோதிரவிரல் உள்நோக்கி வளையத் தொடங்கிற்று. சுண்டுவிரலும் அதன் வழியே சென்றது. இருபதாண்டுக்குப் பின் இரு விரல்களும் உள்ளங்கையோடு படிந்து கிடந்தன. திருவாளர் எல் என்று மட்டுமே நாம் அறிந்த இம்மனிதரின் கையிலிருந்துதான் ஒரு நோய் தன் பெயரைப் பெற்றது.

உள்ளங்கைத் தோலுக்கும் விரலை மடக்கும் தசைநாண்களுக்கும் இடையே விசிறிபோல் விரிந்த நார்ப்படலம் ஒன்று உண்டு. நாம் ஒரு பொருளைப் பற்றும்போது தோல் வழுக்கி நகராமல் இழுத்துப் பிடிப்பது அதுவே. சிலருக்கு இப்படலம் தடித்து, முதலில் முடிச்சாகவும் பின்னர் கயிறாகவும் திரண்டு விரலை இழுத்துவிடுகிறது. பெரும்பாலும் வலி இராது. முகம் கழுவும்போது விரல் கண்ணில் குத்தும். சட்டைப்பைக்குள் கை நுழையாது. அப்போதுதான் பலரும் மருத்துவரை நாடுகின்றனர்.

பழைய மருத்துவர்கள் பழியைத் தசைநாண்மீது சுமத்தினர். பாசல் நகரத்து பெலிக்ஸ் பிளாட்டர் 1614இல் ஒரு கல்தச்சரின் மடங்கிய விரல்களைப் பதிவு செய்தபோது, பெருங்கல்லைப் புரட்டியதில் தசைநாண்கள் தம் இடத்தைவிட்டு எழும்பிவிட்டன என்றே எழுதினார். தோலுக்கடியில் கயிறுபோல் புடைத்து நிற்பதைத் தொட்டுப் பார்ப்பவர் எவரும் அப்படித்தான் நினைப்பர். ஆனால் அந்த எண்ணத்தின் விலை பெரிது. தசைநாணையே அறுக்கத் துணிந்தவர்களும் இருந்தனர். அறுபட்ட விரல் நிமிர்ந்தாலும் பிறகு தானாக மடங்காது.

உண்மையை முதலில் கண்டவர் லண்டனின் ஹென்றி கிளைன். 1777இல் அவர் இத்தகைய கையைப் பகுத்துப் பார்த்து, குற்றம் நார்ப்படலத்தில்தான், தசைநாண் நலமாகவே உள்ளது என்று கண்டார். அவருடைய மாணவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822இல் வெளியிட்ட நூலில், தோலில் சிறு துளையிட்டுக் கூரிய கத்தியால் அப்படலத்தை அறுக்கலாம் என்று சில வரிகளில் சொல்லிச் சென்றார். கிளைன் அக்கையைப் பகுத்த அதே 1777இல்தான் பிரான்சில் கியோம் துப்புயித்ரன் பிறந்தார் என்பது ஒரு வேடிக்கை.

பாரிஸின் ஓத்தெல் தியே மருத்துவமனையை ஆண்ட துப்புயித்ரன், இந்நோயுடன் இறந்த முதியவர் ஒருவரின் கையை ஆராய்ந்தார். தோலை உரித்தபின்னும் விரல்கள் மடங்கியே இருந்தன. படலத்தை அறுத்ததும் நிமிர்ந்தன, தசைநாண்கள் பழுதற்றிருந்தன. 1831 ஜூன் 12 அன்று திருவாளர் எல்லின் உள்ளங்கையில் குறுக்காகக் கீறி, இறுகிய நார்களை அறுத்தார். காயங்களைத் தைக்காமல் திறந்தே விட்டு, விரல்களை நீட்டிக் கட்டினார். ஈதர் மயக்கம் வர இன்னும் பதினைந்தாண்டு இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் ஆற்றிய விரிவுரை 1832இல் அச்சேறிற்று. நோய் அவர் பெயரையே சூடிக்கொண்டது.

இது நியாயமா? முதலில் கண்டவர் என்ற கணக்கில் அவர் மூன்றாமவர். ஆனால் கிளைனின் கண்டுபிடிப்பு மாணவர் குறிப்பேடுகளில் உறங்கியது. கூப்பரின் வரிகள் பெருநூலொன்றில் புதைந்தன. பிணத்தில் நிறுவி, உயிருள்ள கையில் செய்து காட்டி, ஊரறியச் சொன்னவர் துப்புயித்ரனே. பெயர் அவருக்குப் போனதில் எமக்குக் குறையில்லை. கிளைனை மறந்ததில்தான் குறை. துப்புயித்ரனைத் திறமையில் தலையானவர், பண்பில் கடையர் என்று சமகாலத்தவர் பேசியதுண்டு. பால்சாக் 1836இல் எழுதிய ‘நாத்திகரின் பூசை’ கதையின் தெப்லேன் இவரை மாதிரியாகக் கொண்டவரே; அதைப் படித்தோர்க்கு இம்மனிதரின் நிழல் பழக்கமானதே.

படலத்தை அறுத்தால் போதுமா, அகற்ற வேண்டுமா என்ற வினா அதன்பின் எழுந்து இன்றும் ஓயவில்லை. உள்ளங்கையை மேசைமீது படிய வைக்க இயலாவிடில் அறுவையை எண்ணிப் பார்க்கலாம் என்பது ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் ஹியூஸ்டன் தந்த எளிய சோதனை. நோயுற்ற பகுதியை மட்டும் வெட்டி நீக்குவது இன்று பரவலான முறை. மீண்டும் மீண்டும் வருவோர்க்கு மேல்தோலையும் நீக்கித் தோல் ஒட்டுவர். கூப்பரின் சிறு துளையோ 1970களில் பாரிஸில் ஊசிமுனையாக மறுபிறவி எடுத்தது. எளிது, விரைவில் கை பழையபடி இயங்கும். ஆனால் 2012இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஐந்தாண்டுக்குள் நோய் திரும்பியது ஊசி முறையில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர்க்கு. வெட்டி நீக்கியோரில் 21 விழுக்காட்டினர்க்கு. இருந்தும், திரும்பினால் மீண்டும் குத்திக்கொள்ளலாம் என்று ஊசியையே விரும்பும் முதியோர் உளர். அவர்களைக் குறை சொல்ல எமக்கு மனமில்லை. நார்க்கயிற்றைக் கரைக்கும் கொலாஜனேஸ் ஊசிமருந்து 2010இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது; ஐரோப்பியச் சந்தையிலிருந்தோ 2020இல் வணிகக் காரணங்களால் விலக்கிக்கொள்ளப்பட்டது.

நோய் ஏன் திரும்புகிறது என்பதற்கு, 1972இல் கப்பியானியும் மைனோவும் ஒரு விடை தந்தனர். முடிச்சுகளில் தசைபோல் சுருங்கும் நாருயிரணுக்கள் இருப்பதைக் கண்டனர். கத்தி கயிற்றை அறுக்கும்; அந்த உயிரணுக்களின் இயல்பை மாற்றாது.

வட ஐரோப்பியரிடம் மிகுந்து காணப்படும் இந்நோய் இந்தியரிடம் குறைவு. நீரிழிவு உள்ளோரிடம் தலைகாட்டுவதுண்டு. நம் நாட்டில் இதே இரு விரல்கள் மடங்குவதற்கு நெடுங்காலம் அறியப்பட்ட காரணம் வேறு: தொழுநோயால் நரம்பு செயலிழப்பது. 1946இல் வேலூர் வந்த பால் பிராண்ட், அக்கைகளுக்குத் தசைநாணை இடம் மாற்றி அமைத்தார். இங்கே காக்க வேண்டிய தசைநாணே அங்கே மருந்தாயிற்று.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1964இல் மக்காஷ் என்ற பிரித்தானிய மருத்துவர், அறுவைக்குப் பின் உள்ளங்கைக் காயத்தைத் தைக்காமல் விடும் முறையை எழுதினார். குருதி தேங்காமல் வடிந்தது; விரல்களை உடனே அசைக்க முடிந்தது; காயம் சில வாரங்களில் தானே மூடிக்கொண்டது. திருவாளர் எல்லின் கையில் 133 ஆண்டுகளுக்கு முன் துப்புயித்ரன் செய்ததும் அதுவே.