கஞ்சா வேளாண்மையில் ஆண் செடி களைதல்: நவகாவ் முதல் தில்லி வரை

கஞ்சா ஓர் ஈரில்லத் தாவரம். பனையில் ஆண்பனையும் பெண்பனையும் தனித்தனி மரங்களாக இருப்பதுபோல, கஞ்சாவிலும் ஆண் பூக்கள் ஒரு செடியிலும் பெண் பூக்கள் வேறொரு செடியிலும் தோன்றுகின்றன. இயல்பான விதைகளை விதைத்தால் ஏறத்தாழப் பாதி ஆணாகவும் பாதி பெண்ணாகவும் முளைக்கும். எது ஆண், எது பெண் என்பது பூக்கும் பருவம் நெருங்கும்வரை தெளிவாகத் தெரியாது. இந்த ஒரு சிக்கலே கஞ்சா வேளாண்மையின் வரலாற்றைப் பெரிதும் வடிவமைத்தது.

பெண் செடியின் பூங்கொத்துகளே பிசின் மிகுந்தவை. அவற்றின் மீது மகரந்தம் விழுந்தால் செடியின் ஆற்றல் விதைக்குச் செல்லும், பிசின் குறையும். மகரந்தம் படாவிட்டால் பூங்கொத்து தொடர்ந்து பெருத்துப் பிசின் சுரக்கும். இலையிலிருந்து பெறுவது பாங்கு, பிரித்தெடுத்த பிசின் சரசு, விதையற்ற பெண் பூங்கொத்து கஞ்சா என்று இந்தியாவில் வேறுபடுத்தி வழங்கினர். ஆகவே கஞ்சாவுக்காகப் பயிரிடுவோர் ஆண் செடிகளை அவை மகரந்தம் உதிர்க்குமுன் பிடுங்கிவிட வேண்டியிருந்தது.

நவகாவ் வயல்கள்

இம்முறை மிகவும் ஒழுங்குபெற்ற இடம் வங்காளத்தின் ராஜசாகி மாவட்டத்தைச் சேர்ந்த நவகாவ் வட்டாரம். இது இன்று வங்காளதேசத்தில் உள்ளது. ஆகத்து மாதத்தில் நாற்றங்காலில் விதைத்து, செப்டம்பரில் நாற்றுகளை வயலில் நட்டனர். நவம்பரில் ஆண் செடிகள் தம்மைக் காட்டத் தொடங்கும்போது, அவற்றை அடையாளம் காணத் தனித் தொழிலாளர் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். இவர்கள் போத்தார் என்றும் பரக்தார் என்றும் அழைக்கப்பட்டனர். பரக் என்பது சோதித்தறிதலைக் குறிக்கும் சொல். ஆங்கில அலுவலர்கள் இவர்களைக் ‘கஞ்சா டாக்டர்’ என்று எழுதினர்.

இவர்கள் வரிசை வரிசையாக நடந்து ஆண் செடிகளைக் களைந்தனர். ஒருமுறை களைந்தால் போதாது. தப்பிய செடிகளை உழவரே மீண்டும் மீண்டும் தேடிப் பிடுங்கினார். மகரந்தம் காற்றில் பரவுவது. எனவே ஒருவரின் கவனக்குறைவு பக்கத்து வயலையும் கெடுத்துவிடும். பயிர் முதிர்ந்தபின், பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அறுவடை நடந்தது. காலால் மிதித்துத் தட்டையாக்கியது ‘தட்டைக் கஞ்சா’ என்றும், உருட்டித் திரட்டியது ‘உருண்டைக் கஞ்சா’ என்றும் விற்பனைக்குச் சென்றன.

வரியும் ஆணையமும்

பிரித்தானிய அரசுக்குக் கஞ்சா ஒரு வருவாய். உரிமம் பெற்றவரே பயிரிடலாம். விளைச்சல் அரசின் கண்காணிப்பில் இருந்த கிடங்குகளுக்குச் செல்ல வேண்டும். அங்கிருந்து வெளியேறும்போது வரி விதிக்கப்படும். இவ்வேளாண்மை குறித்து ஏம் சந்திர கெர் 1877-இல் ஓர் அறிக்கை அளித்தார். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் உலர்தாவரகப் பொறுப்பாளர் டேவிட் பிரெயின் 1893-இல் மற்றொரு அறிக்கை எழுதினார்.

அதே 1893-இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் எழுந்த கேள்வியை அடுத்து இந்தியக் கஞ்சா ஆணையம் அமைக்கப்பட்டது. மெக்வொர்த் யங் தலைமையிலான இவ்வாணையம் 1,193 பேரிடம் சாட்சியம் பெற்று, 1894-இல் அறிக்கை வெளியிட்டது. அளவான பயன்பாட்டால் பொதுவாகப் பெருந்தீங்கு இல்லை, மிகையான பயன்பாடு தீங்கு தரும், முழுத் தடை தேவையில்லை என்பன அதன் முடிவுகள். வங்காளத்தைப் போலப் பயிரிடும் இடத்தைக் குறுக்கி, உரிமமும் வரியும் விதிக்கும் முறையை அது பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் வட ஆற்காட்டின் சவ்வாது மலையும் கஞ்சா விளைந்த இடங்களில் ஒன்றாக இருந்தது.

விதை எங்கிருந்து வரும்?

இம்முறையில் ஒரு முரண் இருந்தது. ஆண் செடி ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் விதை கிடைக்காது. விதை இல்லாவிட்டால் அடுத்த ஆண்டுப் பயிர் இல்லை. கண்ணுக்குத் தப்பிய ஆண் செடிகளும், பெண் செடியிலேயே அரிதாகத் தோன்றும் ஆண் பூக்களும் இக்குறையை ஓரளவு நிரப்பின. இவ்விரண்டாவது நிகழ்வு ஐரோப்பாவிலும் முன்பே கவனிக்கப்பட்டது. தாவரங்களில் பால் வேறுபாடு உண்டு என்பதை 1694-இல் நிறுவிய செருமானிய அறிஞர் ருடால்ஃப் காமராரியசு, ஆண் செடிகளிலிருந்து பிரித்து வளர்த்த பெண் சணற்கஞ்சா விதை தருவதைக் கண்டு குழம்பினார்.

அந்தப் புதிர் பிற்காலத்தில் ஒரு தொழில்நுட்பமானது. தில்லிப் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் எச். ஒய். மோகன் ராமும் ஆர். சேத்தும் 1982-இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளிச் சேர்மங்களைத் தெளித்தால் மரபணுவளவில் பெண்ணான செடியிலும் வளமான ஆண் பூக்கள் தோன்றும் என்று காட்டினர். பெண் செடிகளில் XX, ஆண் செடிகளில் XY என்ற பால் நிறமூர்த்தங்கள் உள்ளன. பெண் செடியின் மகரந்தத்தில் Y இல்லாததால், அதனால் உருவாகும் விதைகள் ஏறத்தாழ முழுவதும் பெண்ணாகவே முளைக்கும். இவ்வழியில் ‘பெண் விதைகள்’ வணிகத்துக்கு வந்தபின்புதான், பழைய விதைகளுக்கு ‘இயல்பு விதைகள்’ என்ற தனிப்பெயர் தேவைப்பட்டது.

பெண் விதை களையெடுக்கும் வேலையைப் போக்கியது. ஆயினும் வளர்ப்பினம் உருவாக்குவோர் இயல்பு விதைகளை விட்டுவிடவில்லை. பிறக்கும் செடியின் மரபுப் பண்புகளில் பாதி தந்தைச் செடியிலிருந்தே வருகிறது. தந்தைச் செடிகள் பலவாக இருந்தால்தான் இனத்துக்குள் வேறுபாடு நிலைக்கும். நோய் தாங்கும் தன்மை, பூக்கும் காலம், நாரின் தரம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்க அவ்வேறுபாடு தேவை.

பின்விளைவு

நவகாவில் 1917-இல் கஞ்சா உழவர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. வங்காளதேசத்தில் 1980-களின் இறுதியில் இவ்வேளாண்மை முடிவுக்கு வந்தது. இந்தியாவில் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் பூங்கொத்தையும் பிசினையும் தடை செய்தது. பூங்கொத்தோடு சேராத விதையும் இலையும் அச்சட்டத்தின் ‘கஞ்சா’ வரையறைக்குள் வருவதில்லை. வேளாண்மை நின்றபோது, ஆண்டுதோறும் விதைத்துத் தேர்ந்து காக்கப்பட்ட வட்டார இனம் தன் வயலை இழந்தது. பூக்குமுன் செடியைப் பார்த்தே பால் அறியும் போத்தார்களின் திறமைக்கும் அங்கே வேலையில்லாமல் போனது. அத்திறமையைப் பற்றி எஞ்சியிருப்பவை வரி வசூலுக்காக எழுதப்பட்ட அரசு அறிக்கைகளே.