பற்றும் வழியுரிமையும்: இடைக்கால இங்கிலாந்துப் பெருங்குடியினரின் நிலம்

பள்ளி வரலாற்று நூல்களில் 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா, மன்னனின் அதிகாரத்தைச் சட்டத்திற்கு உட்படுத்திய சாசனமாகப் போற்றப்படுகிறது. சட்டமுறையான தீர்ப்பின்றி எவரையும் சிறைப்படுத்தலாகாது என்னும் 39ஆம் பிரிவையே மாணவர் பெரிதும் நினைவில் கொள்கின்றனர். ஆயின் அச்சாசனத்தை முதலிலிருந்து வரிசையாகப் படிப்போர் வேறொன்றைக் காண்பர். முதற்பிரிவு திருச்சபையின் உரிமையைக் கூறுகிறது. அதனை அடுத்து வரும் பிரிவுகளோ, இறந்துபோன பெருங்குடிமகனின் நிலம், அவனுடைய வயது வராத பிள்ளை, அவனுடைய கைம்பெண் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. சிறையைக் காட்டிலும் வழியுரிமை ஏன் முந்தி நின்றது? இவ்வினாவுக்கு விடை காண வேண்டுமாயின், அக்காலப் பெருங்குடியினர் நிலத்தோடு கொண்டிருந்த உறவை முதலில் நாம் அறிதல் வேண்டும்.

அவ்வுறவை ‘உடைமை’ என்னும் சொல்லால் குறித்தால் பொருள் பிறழும். இங்கிலாந்துச் சட்டமொழியில் நிலவுரிமையைக் குறிக்கும் ‘டெனியூர்’ என்னும் சொல், ‘பிடித்திரு’ எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையடியிலிருந்து வந்தது. 1066இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்ற பின், நாட்டின் நிலம் முழுவதும் இறுதியில் மன்னனிடமிருந்தே பெறப்பட்டது என்னும் கொள்கை நிலைபெற்றது. 1086இல் தொகுக்கப்பட்ட டூம்ஸ்டே ஏடு, எந்த ஊரை யார், யாரிடமிருந்து பிடித்திருந்தனர் என்பதை மாவட்டந்தோறும் வரிசைப்படுத்திக் காட்டுகிறது. மன்னனிடமிருந்து நேராக நிலம் பெற்ற பெருங்குடியினர், அதற்கு ஈடாகக் குதிரைவீரர்களைப் போருக்கு அளிக்கக் கடமைப்பட்டனர். அவர்கள் தம் நிலத்தின் பகுதிகளைத் தமக்குக் கீழ்ப்பட்டோர்க்கு அதே முறையில் அளித்தனர். ஆகவே இதனைப் ‘பற்று’ என்று குறிப்பதே பொருந்தும் என நாம் கருதுகிறோம். பற்றியிருப்பவன் கையில் நிலம் உண்டு. ஆனால் அவனுக்கு மேலே அந்நிலத்தை அளித்தவன் ஒருவனும் உண்டு.

பற்றியிருந்தவன் இறந்தபோது இந்த இரட்டைநிலை வெளிப்பட்டது. மகன் தந்தையின் நிலத்தை ஏற்க விரும்பினால், மேலாளனுக்கு ‘ரிலீஃப்’ எனப்பட்ட உரிமையேற்புக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். அத்தொகைக்கு வரம்பு இல்லாவிடின், தன் தந்தையின் நிலத்தையே மகன் விலைகொடுத்து மீட்கும் நிலை நேரும். 1100இல் முடிசூடிய முதலாம் ஹென்றி, தம் தமையன் காலத்து வழக்கம்போல வாரிசுகள் நிலத்தை விலைக்கு மீட்க வேண்டியதில்லை, நியாயமான கட்டணம் செலுத்தினால் போதும் என்று வாக்களித்தார். ‘நியாயமான’ என்பதன் அளவு எவ்வளவு என்பதை அவர் கூறவில்லை. அடுத்த நூற்றாண்டு முழுவதும் நீடித்த பிணக்கு அச்சொல்லுக்குள் அடங்கியிருந்தது.

வழியுரிமை எவருக்கு என்பதிலும் தனித்த முறை உருவாயிற்று. போர்ப்பணியோடு பிணைந்த நிலம் சிதறாதிருக்க, மூத்த மகன் ஒருவனே முழுப் பற்றையும் ஏற்றான். இளைய மகன்கள் திருச்சபையிலோ, பிறர் படையிலோ, செல்வமகளிரை மணப்பதிலோ வாழ்வைத் தேட வேண்டியிருந்தது. மகன் இல்லாதபோது மகளிர்க்கு உரிமை உண்டு. ஆயின் அவர்களுள் மூத்தவள் ஒருத்தியே முழுதும் பெறுவதில்லை. 12ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற வழக்கின்படி மகளிர் அனைவரும் சமபங்கு பெற்றனர். ஆண்வழியில் ஒன்றாகக் காக்கப்பட்ட நிலம், பெண்வழியில் செல்லும்போது பலவாகப் பிரிந்தது.

வாரிசு வயது வராதவனாயின், அவனும் அவன் நிலமும் மேலாளனின் காப்பில் வந்தன. காப்பாளன் நிலத்தின் வருவாயை நுகரலாம். காப்பில் உள்ளோரின் திருமணத்தையும் முடிவுசெய்யலாம். இவ்விரண்டும் விற்கத்தக்க உரிமைகளாகக் கருதப்பட்டன. செல்வமகளையோ கைம்பெண்ணையோ மணக்க விரும்புவோரிடம் மன்னன் பணம் பெற்றான். 1214இல் ஜெஃப்ரி டி மாண்டவில், குளோஸ்டர் பகுதியின் உரிமையாட்டியான இசபெல்லாவை மணப்பதற்காக ஜான் மன்னனுக்கு 20,000 மார்க் செலுத்த ஒப்பினார். மார்க் என்பது ஒரு பவுனில் மூன்றில் இரண்டு பங்கு. அவ்வகையில் இத்தொகை 13,000 பவுனுக்கும் மிகுதி. இசபெல்லா ஜான் மன்னனாலேயே முன்னர் மணந்து விலக்கப்பட்டவர். மறு ஆண்டில் மாக்னா கார்ட்டாவை நிறைவேற்றத் தேர்ந்தெடுக்கப்பட்ட 25 பேருள் மாண்டவிலும் ஒருவராக இருந்தது வியப்பன்று.

இப்போது சாசனத்தின் தொடக்கப் பிரிவுகளின் வரிசை நமக்கு விளங்கும். கோமகனோ பெருங்குடிமகனோ இறந்தால், முழுப் பற்றுக்கும் வாரிசு செலுத்தும் கட்டணம் 100 பவுன் என வரையறுக்கப்பட்டது. ஒரு குதிரைவீரனின் பற்றுக்கு மிகுதியான அளவு 100 ஷில்லிங். காப்பில் இருந்து வயது வந்தவன் கட்டணமின்றியே நிலத்தைப் பெறுவான். காப்பாளன் நிலத்தையும் கட்டடங்களையும் அழிக்காது பேண வேண்டும். வாரிசுகளைத் தகுதிக்குத் தாழ்ந்த இடத்தில் மணம் செய்விக்கலாகாது. கைம்பெண் தன் பங்கைத் தடையின்றிப் பெறுவாள். மறுமணம் செய்யுமாறு அவளை வற்புறுத்தலாகாது. ஆயினும் அவள் மணக்க விரும்பினால் மேலாளனின் இசைவு வேண்டும் என்னும் விதி நீங்கவில்லை. மன்னனின் கை ஓங்கியது குடும்பத்தில் சாவு நேர்ந்த வேளையில்தான். ஆதலின் அவ்வேளைக்கே முதல் வேலி இடப்பட்டது.

சட்டம் இட்ட அவ்வேலி மன்னனின் கையைத் தடுத்தது, விதியைத் தடுக்கவில்லை. மார்ஷல் குடும்பத்தின் வரலாறு இதற்குச் சான்று. வில்லியம் மார்ஷல் நிலமற்ற இளைய மகன். வாள்திறத்தாலும் போட்டிப் போர்களாலும் பெயர் பெற்றவர். நாற்பது வயதைக் கடந்த பின், 1189இல், மன்னனின் காப்பில் இருந்த இளம்பெண் இசபெல் டி கிளேரை மணக்கும் பேறு அவருக்கு வாய்த்தது. தந்தை ரிச்சர்ட் டி கிளேர் வழியில் வேல்ஸ் எல்லை நிலங்களும், அயர்லாந்தின் லென்ஸ்டர் மன்னரின் மகளான தாய் ஈஃபா வழியில் லென்ஸ்டர் உரிமையும் இசபெல்லுக்கு உரியனவாக இருந்தன. ஒரே திருமணத்தால் மார்ஷல் நாட்டின் பெருங்குடியினருள் ஒருவரானார். 1199இல் பெம்புரோக் கோமகனாகவும், 1216இல் சிறுவனான மூன்றாம் ஹென்றியின் சார்பில் நாட்டை ஆளும் பொறுப்பாளராகவும் உயர்ந்தார்; 1219இல் மறைந்தார்.

அவருக்கு ஐந்து மகன்களும் ஐந்து மகள்களும் இருந்தனர். வழியுரிமைக்குக் குறைவில்லை என்றே எவரும் கருதியிருப்பர். ஆயின் மூத்த மகன் வில்லியம் 1231இல் பிள்ளையின்றி இறந்தார். அடுத்தவர் ரிச்சர்ட், மன்னனோடு முரண்பட்டு 1234இல் அயர்லாந்தில் மாண்டார். கில்பர்ட் 1241இல் போட்டிப் போர் ஒன்றில் உயிரிழந்தார். வால்டரும் ஆன்செல்மும் 1245ஆம் ஆண்டின் இறுதியில், ஒருவர் பின் ஒருவராகச் சில வாரங்களுக்குள் மறைந்தனர். ஐவருக்கும் சட்டமுறையான பிள்ளை இல்லை. ஆதலின் நிலம் ஐந்து சகோதரியருக்கும் அவர்தம் வழியினருக்கும் சென்றது.

1247இல் லென்ஸ்டர் ஐந்து கூறுகளாகப் பிரிக்கப்பட்டது. கார்லோ மூத்த மகள் மோடின் வழியில் பிகாட் குடும்பத்தையும், கில்கென்னி கிளேர் குடும்பத்தையும், வெக்ஸ்போர்ட் இளைய மகள் ஜோனின் வழியினரையும் அடைந்தன. சிபிலின் பங்கான கில்டேர் அவருடைய ஏழு மகள்களுக்கிடையே மீண்டும் பிரிந்தது. ஈவாவின் பங்கும் அவ்வாறே மகளிரிடையே பகுக்கப்பட்டது. ஒரு மனிதர் ஒரு திருமணத்தால் ஒன்றுசேர்த்த நிலம், அறுபது ஆண்டுகளுக்குள் பத்துக்கு மேற்பட்டோர் கைகளில் சிதறியது. இங்கே எவரும் சட்டத்தை மீறவில்லை என்பதை மாணவர் கருத வேண்டும். சட்டம் தன் பணியைச் செவ்வனே செய்ததன் விளைவே இச்சிதறல்.

இக்கதையில் மற்றொரு பெண்ணும் உண்டு. மூத்த மகன் வில்லியத்தின் மனைவி எலினார், மூன்றாம் ஹென்றியின் தங்கை. கணவன் இறந்தபின் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை வாழ்நாள் முழுவதும் நுகர்வது கைம்பெண்ணின் உரிமை. அயர்லாந்து, வேல்ஸ் நிலங்களில் தமக்குரிய பங்குக்கு ஈடாக, ஆண்டுக்கு 400 பவுன் பெற எலினார் இசைந்தார். உரிய மதிப்பைவிட அது குறைவு என்பது அவர்தம் தரப்பின் வழக்கு. 1238இல் அவரை மணந்த சைமன் டி மான்ட்ஃபோர்ட், இக்குறையை மன்னனிடம் பன்முறை முறையிட்டார். அதே சைமன் 1264இல் மன்னனைப் போரில் வென்று, 1265இல் நகரப் பிரதிநிதிகளையும் நாடாளுமன்றத்துக்கு அழைத்தார். அவர் எழுச்சிக்கு ஆட்சிச் சீர்திருத்தம் உள்ளிட்ட காரணங்கள் பல. எனினும் தீராத கைம்பெண் பங்கும் அவற்றுள் ஒன்று என்பதை மறத்தலாகாது.

நிலம் சிதறுவதையும் கைமாறுவதையும் தடுக்கப் பிற்காலத்தார் புதிய வழிகளை நாடினர். 1285ஆம் ஆண்டின் சட்டம், குறிப்பிட்ட வழித்தோன்றல்களுக்கு மட்டுமே செல்லுமாறு நிலத்தைக் கட்டுப்படுத்தும் கொடைகளுக்கு வலிமை தந்தது. 1290ஆம் ஆண்டின் சட்டம் நிலத்தை விற்க இடமளித்தது. ஆனால் வாங்குபவன் விற்றவனுக்குக் கீழ்ப்பட்டவனாகாமல், அவன் இடத்திலேயே நிற்க வேண்டும் என விதித்தது. உயில் எழுதி நிலத்தை அளிக்கப் பொதுச்சட்டம் இடந்தரவில்லை. ஆகவே நம்பிக்கைக்குரிய சிலரிடம் நிலத்தை ஒப்படைத்து, தாம் விரும்பியோர்க்குப் பயன்படுமாறு செய்யும் முறை பரவிற்று. இன்றைய அறக்கட்டளைச் சட்டத்தின் வேர் இங்குள்ளது. நிலத்தை உயிலால் அளிக்கும் சட்டம் 1540இல்தான் வந்தது. காப்பாளுரிமையும் பணிப்பற்றும் 1660இல் நீக்கப்பட்டன.

முறைகள் மறைந்தாலும் சொற்கள் மறையவில்லை. சிங்கப்பூரின் நிலச்சட்டத்தில் ‘எஸ்டேட் இன் ஃபீ சிம்பிள்’ என்னும் தொடர் இன்றும் வழங்குகிறது. அதிலுள்ள ‘ஃபீ’, பணிக்கு ஈடாகப் பெற்ற பற்றைக் குறித்த பழைய சொல்லே. ‘ஃப்ரீஹோல்ட்’, ‘லீஸ்ஹோல்ட்’ ஆகியவற்றின் இறுதியிலும் ‘பிடித்திருத்தல்’ என்னும் வினை நிற்கிறது. ஆசிரியர்கள் மாக்னா கார்ட்டாவைக் கற்பிக்கையில், 39ஆம் பிரிவோடு இரண்டாம் பிரிவு முதல் எட்டாம் பிரிவு வரையிலும் மாணவரைப் படிக்கச் செய்தல் நன்று. தந்தையை இழந்த சிறுவனும், கணவனை இழந்த பெண்ணும் மன்னன் முன் எவ்வாறு நிற்பது என்னும் கேள்வியிலிருந்தே அச்சாசனம் தன் உரிமைப் பட்டியலைத் தொடங்கியது என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வர்.